8 ஜிபி ஓசி கார்டா, 16 ஜிபி சாதாரண கார்டா? வாங்கிய பிறகு ஓவர்கிளாக் செய்வது எப்படி?

கேள்வி இதுதான். பி450 மதர்போர்டு, ரைசன் 5 5600 பிராசசர், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), 1440பி மானிட்டர். பழைய ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போட வேண்டும். கையில் உள்ள பணத்துக்கு அருகருகே மூன்று கார்டுகள் நிற்கின்றன: மூன்று ஃபேன் வைத்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி 'ஓசி' மாடல் (கம்பெனியே வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி விற்பது), இரண்டு ஃபேன் வைத்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி சாதாரண மாடல், அப்புறம் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. எதை வாங்கலாம்? வாங்கிய பிறகு கார்டு கெடாமல் ஓவர்கிளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, முடியுமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 8 ஜிபி கார்டை விட்டுவிடுங்கள், அதன் பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். மீதி இரண்டில், கேம் மட்டும்தான் என்றால் உங்கள் மதர்போர்டுக்கு 9060 எக்ஸ்டி. பிளெண்டர், வீடியோ எடிட்டிங், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பது என்று ஏதாவது இருந்தால் 5060 டிஐ 16 ஜிபி. ஓவர்கிளாக் தாராளமாகச் செய்யலாம், ஆனால் செய்யும் வரிசை முக்கியம்.

ஒரு கார்டில் பின்னால் நாமே மாற்றிக்கொள்ளக்கூடியவை சில, எந்தக் காலத்திலும் மாற்ற முடியாதவை சில. கிளாக் வேகம் (சிப் எவ்வளவு வேகத்தில் இயங்குகிறது என்பது) முதல் வகை. மெமரியின் அளவு, மெமரி பஸ்ஸின் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே உள்ள பாதையின்) அகலம், மதர்போர்டோடு பேசும் லேன்களின் (தரவுப் பாதைகளின்) எண்ணிக்கை, மேலே உட்கார்ந்திருக்கும் கூலர் எல்லாம் இரண்டாம் வகை. காசை இரண்டாம் வகைக்குக் கொடுங்கள். 'ஓசி' மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு முதல் வகைக்குப் போகிறது.

அந்த ஓசி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 5060 டிஐக்கு என்விடியா சொல்லும் பூஸ்ட் கிளாக் 2572 மெகாஹெர்ட்ஸ். ஒரு ஓசி மாடலின் பெட்டியில் 2632 என்று போட்டிருந்தால், கூடுதல் 60 மெகாஹெர்ட்ஸ். அதாவது 2.3 சதவீதம். 60 எஃப்பிஎஸ் (வினாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) ஓடுகிற கேம் 61-ஐத் தொடும், அவ்வளவே. அதுவும் காகிதக் கணக்கு. என்விடியாவின் பூஸ்ட் முறையில் சூடு, மின்சாரம், மின்னழுத்தம் மூன்றிலும் இடம் இருக்கும் வரை கார்டு தானாகவே அந்த எண்ணைத் தாண்டி ஏறும். சாதாரண மாடலும் பெட்டியில் போட்ட வேகத்துக்கு மேலேதான் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே சிப், ஒரே மெமரி வைத்த இரண்டு மாடல்களுக்கு நடுவே வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. பார்க்க வேண்டியது விலை, சத்தம், சூடு, வாரண்டி, கேபினட்டுக்குள் நீளம் பொருந்துமா என்பது.

8 ஜிபியை நான் ஏன் இவ்வளவு அழுத்தமாக மறுக்கிறேன்? 1440பியில் இன்றைய பெரிய கேம்களை உயர்ந்த டெக்ஸ்சரில் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரத்தில்) வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. ரே டிரேசிங்கும் (ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிடுவது) ஃபிரேம் ஜெனரேஷனும் (நடுவே கூடுதல் படங்களை உருவாக்குவது) சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் நிரம்பும், ஏனென்றால் அவை இரண்டுக்குமே மெமரி வேண்டும். நிரம்பியதும் கார்டு மிச்சத்தைக் கணினியின் சாதாரண ரேமில் வைத்துவிட்டு, தேவைப்படும்போதெல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக இழுக்கும். இங்கேதான் உங்கள் பி450 குறுக்கே வருகிறது. 5060 டிஐயில் 8 லேன்கள் மட்டுமே இணைக்கப்பட்டுள்ளன. புதிய மதர்போர்டில் அது பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 வேகத்தில் ஓடும், உங்களுடையதில் 3.0. அப்படியென்றால் வினாடிக்கு ஏறக்குறைய 8 ஜிபிதான் போய்வர முடியும். கார்டின் சொந்த மெமரியோ வினாடிக்கு 448 ஜிபி கொடுக்கிறது. 56-இல் ஒரு பங்கு வேகத்தில் டெக்ஸ்சர் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? சராசரி எஃப்பிஎஸ் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டி நிற்கும். சில கேம்கள் சத்தமில்லாமல் டெக்ஸ்சரை மங்கலாக்கிவிடும். இதை எந்த ஓவர்கிளாக்கும் சரிசெய்யாது.

2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் இதையே பெரிய அளவில் பார்த்தோம். 4 ஜிபி மெமரி, 4 லேன்கள். அதைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மதர்போர்டில் போட்டவர்களுக்கு, மெமரி நிரம்பும் கேம்களில் வேகம் பளிச்சென்று சரிந்தது. மலிவு கார்டை வாங்குபவரிடம்தான் பழைய மதர்போர்டு இருக்கும். அவர் தலையில்தான் இந்தச் சுமை விழுகிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

5060 டிஐ 16 ஜிபியை வாங்கினால் மெமரி நிரம்புவது அபூர்வம். அதனால் 8 லேன், 3.0 வேகம் என்றாலும் பெரும்பாலான கேம்களில் இழப்பு சில சதவீதத்தோடு நிற்கும். 9060 எக்ஸ்டியில் 16 லேன்களும் உண்டு, ஆகவே உங்கள் பி450-இல் அதற்கு இரட்டிப்புப் பாதை கிடைக்கும். அதன் மெமரி ஜிடிடிஆர்6, வினாடிக்கு 320 ஜிபி. 5060 டிஐயின் ஜிடிடிஆர்7 அளவு வேகம் இல்லை. பொதுவாக ரே டிரேசிங் கனமான கேம்களில் 5060 டிஐ முன்னே நிற்கும், மற்றவற்றில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். அறிமுக விலை 2025-இல் 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 349 டாலர், 5060 டிஐ 16 ஜிபிக்கு 429 டாலர். கடை விலை இந்த வித்தியாசத்தை அப்படியே காட்டாது, நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் பாருங்கள். வித்தியாசம் அற்பம் என்றால் 5060 டிஐ பக்கம் சாய்வதில் தவறில்லை: டிஎல்எஸ்எஸ் (ஏஐ மூலம் படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியா வசதி) ஆதரிக்கும் கேம்கள் அதிகம், பிளெண்டர் போன்றவற்றில் என்விடியா இன்னமும் முன்னே நிற்கிறது, கேமராவில் எடுத்த 4:2:2 (வண்ணத் தகவல் கூடுதலாக உள்ள) வீடியோவை 5060 டிஐ உள்ளிட்ட 50 வரிசைக் கார்டுகள் நேரடியாக டீகோட் செய்கின்றன.

பெயரை நம்பி வாங்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், குறிப்பாகப் பழைய கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 12 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு உண்டு. 12 ஜிபியில் மெமரி பஸ் 192 பிட், வினாடிக்கு 360 ஜிபி. 8 ஜிபியில் 128 பிட், 240 ஜிபி. மெமரி அளவு மட்டும் குறைந்ததாகத் தெரியும், உண்மையில் மெமரி வேகத்திலும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி மாடல் கோர்களும் குறைந்து, பஸ்ஸும் 96 பிட்டாகச் சுருங்கிய வேறொரு கார்டு. ஜிடி 1030-ஐ ஜிடிடிஆர்5-க்குப் பதில் டிடிஆர்4 போட்டு விற்றபோது மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. கடைக்காரர் சொல்லும் பெயரோடு நிறுத்தாமல், மெமரி அளவு, மெமரி வகை, பஸ் அகலம் மூன்றையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஜிபியு-இசட் போட்டு அதே மூன்றையும் சரிபாருங்கள். போலி பயாஸ் (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றிய பழைய கார்டுகளை அந்த மென்பொருள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கூலர் பற்றிக் கொஞ்சம். 5060 டிஐ 180 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட். இந்த அளவுக்கு ஒழுங்காகச் செய்த இரண்டு ஃபேன் கூலரே போதும். மூன்று ஃபேனில் முக்கியமாகக் கிடைப்பது அமைதி. ஃபேன் எண்ணிக்கையைவிட, உள்ளே செம்பு ஹீட் பைப் எத்தனை ஓடுகிறது, மெமரி சிப்களும் கூலரைத் தொடுகின்றனவா என்பதுதான் எனக்கு முக்கியம். இதைப் பிரித்துக் காட்டும் விமர்சனங்கள் உண்டு, வாங்கும் முன் அந்த மாடலுக்கு ஒன்றைத் தேடிப் பாருங்கள். விமர்சனத்தில் 65 டிகிரி என்று இருந்தால் அது பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் எடுத்த அளவு. சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத நம் அறை 36 டிகிரியில் இருக்கும். ஃபேன் வேகம் அதே என்றால் அந்தக் கூடுதல் பத்துப் பதினைந்து டிகிரி அப்படியே சிப்பின் மேல் ஏறும்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவோம். 5060 டிஐக்கு 600 வாட் வேண்டும் என்கிறது என்விடியா, 9060 எக்ஸ்டிக்குக் குறைந்தது 450 என்கிறது ஏஎம்டி. உங்கள் 5600 முழு வேகத்தில் 76 வாட் எடுக்கும். கார்டு 180. மதர்போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தாலும் 350 வாட்டைத் தாண்டாது. நல்ல கம்பெனியின் 550 வாட் தாராளம். என்விடியா கூட்டிச் சொல்வது மட்டமான எஸ்எம்பிஎஸ்களையும் மனதில் வைத்துத்தான். பக்கவாட்டில் ஒட்டிய சீட்டில் 12 வோல்ட்டுக்கு நேரே 40 ஆம்பியருக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால், முதலில் அதை மாற்றுங்கள், ஓவர்கிளாக் பேச்சை அப்புறம் பேசலாம்.

சரி, கார்டு வந்துவிட்டது. ஓவர்கிளாக் செய்தால் எரிந்துவிடுமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. மென்பொருளில் கிளாக்கை ஏற்றுவதால் கார்டு எரிவதில்லை. தாங்க முடியாத வேகம் வந்தால் கேம் மூடிக்கொள்ளும், திரை கறுத்து டிரைவர் மீண்டும் எழும், மிஞ்சினால் கணினி ரீஸ்டார்ட் ஆகும். மின்னழுத்தத்துக்கும் மின்சார அளவுக்கும் உச்ச வரம்பு கார்டின் பயாஸிலேயே பூட்டியிருக்கிறது, ஸ்லைடரை முழுக்கத் தள்ளினாலும் அதைத் தாண்டாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: வேறு மாடலின் பயாஸை ஏற்றுவது, பலகையில் ரெசிஸ்டரின் மேல் சாலிடர் வைத்து மின்சார வரம்பை ஏமாற்றுவது, தூசி அடைந்த கேபினட்டில் வரம்பை ஏற்றிவிட்டு மறந்துபோவது. முதல் இரண்டையும் செய்யவே செய்யாதீர்கள். உங்கள் கார்டுகளில் அதனால் கிடைக்கும் லாபம் வாரண்டியை இழக்கும் அளவுக்கு இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு அளவு எடுத்து வையுங்கள். எதையும் மாற்றாமல் 3டிமார்க் என்ற சோதனை மென்பொருளை ஓட்டி மதிப்பெண்ணையும், எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் சிப் சூடு, மெமரி சூடு, கிளாக், வாட், ஃபேன் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் தொடங்கினால் கூடியதா குறைந்ததா என்பதே தெரியாது. ஏஎம்டியில் ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) என்று ஒரு எண்ணும் வரும், அது சாதாரண எண்ணைவிடப் பத்து, இருபது டிகிரி கூடவே இருக்கும், பயப்பட வேண்டாம். 50 வரிசை என்விடியாவில் அந்த எண்ணைக் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

முதலில் கை வைக்க வேண்டியது ஃபேனில். கேபினட்டுக்குள் காற்று போகவும் வரவும் வழி செய்துவிட்டு, சூட்டுக்கேற்ப ஃபேன் வேகத்தைச் சொல்லும் கர்வைக் கொஞ்சம் முன்கூட்டியே ஏறும்படி வையுங்கள். சூடு குறைந்தாலே பூஸ்ட் தானாக ஒன்றிரண்டு படி ஏறும்.

அடுத்தது அண்டர்வோல்ட். மின்னழுத்தத்தைக் குறைப்பதும் ஓவர்கிளாக்கின் ஒரு பகுதிதான், இன்றைய கார்டுகளில் கிளாக்கை ஏற்றும் முன் நான் செய்யச் சொல்வது இதைத்தான். சிப் எடுக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்து, கிளாக்கை அப்படியே வைத்தால் இயங்கும் மின்சாரம் ஏறக்குறைய 19 சதவீதம் குறையும். எந்த நிலையிலும் சிப் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று கம்பெனி மின்னழுத்தத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைக்கிறது. அந்தத் தாராளத்தில் உங்கள் சிப்புக்கு எவ்வளவு தேவையில்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. வரம்புக்குள் இடம் கிடைத்தால் கார்டு அந்த இடத்தை வேகமாக்கிக்கொள்ளும். 36 டிகிரி அறையில் இதைவிட நல்ல மாற்றம் எனக்குத் தெரியாது.

5060 டிஐ என்றால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைத் திறந்து கண்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்துங்கள். கீழே மின்னழுத்தம், பக்கத்தில் கிளாக் என்று ஒரு வளைகோடு வரும். கேம் ஓடும்போது உங்கள் கார்டு எந்த மின்னழுத்தத்தில் எந்தக் கிளாக்கில் நிற்கிறது என்று ஏற்கனவே குறித்திருப்பீர்கள். கோர் கிளாக் ஸ்லைடரைக் கீழே இழுத்து முழு வளைகோட்டையும் தாழ்த்திவிட்டு, அதைவிட 75 மில்லிவோல்ட் குறைந்த இடத்தில் உள்ள புள்ளியை மட்டும் பழைய கிளாக் உயரத்துக்கு ஏற்றி, அப்ளை கொடுங்கள். அதற்கு வலப்பக்கம் எல்லாம் தட்டையாகிவிடும், கார்டு அந்தப் புள்ளியைத் தாண்டாது. தடுமாறாமல் நின்றால் இன்னும் 25 குறைத்துப் பாருங்கள். நிற்கவில்லையா, 25 கூட்டுங்கள்.

9060 எக்ஸ்டிக்கு வேறு மென்பொருள் வேண்டாம், ஏஎம்டியின் அட்ரினலினிலேயே டியூனிங் பகுதி இருக்கிறது. மின்னழுத்த ஆஃப்செட்டில் மைனஸ் 30 மில்லிவோல்ட்டில் தொடங்கிப் பத்துப் பத்தாக இறங்குங்கள். இந்தத் தலைமுறை ஏஎம்டி கார்டுகளில் மின்னழுத்தம் குறைந்ததும் கிளாக் தானாக ஏறிவிடும். அதனால் மைனஸ் 100 வைத்தும் ஒரு பெஞ்ச்மார்க்கில் பாஸாகி, மறுநாள் வேறொரு கேமில் விழுவது (கேம் நடுவில் மூடிக்கொள்வது) இங்கே சகஜம். யாரோ மைனஸ் 120 வைத்து ஓட்டுகிறார் என்று பார்த்து அதே எண்ணைப் போடாதீர்கள். அது அவருடைய சிப். ஒரே மாடலில், ஒரே பெட்டியில் வந்த இரண்டு கார்டுகள்கூட ஒரே எண்ணில் நிற்காது.

இவ்வளவிலேயே பலர் திருப்தியாகிவிடுவார்கள். இன்னும் வேகம் வேண்டும் என்றால் கோரையும் (சிப்பின் கிளாக்) மெமரியையும் தனித்தனியாகத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் எது விழுந்தது என்று தெரியாது. கோரை 25 மெகாஹெர்ட்ஸ் படிகளில் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சில நிமிடம் சோதியுங்கள். 50 வரிசையில் பிளஸ் 200, 300 வரைக்கும் பலருக்கு நிற்கிறது. விழுந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று படி கீழே வந்து உட்காருங்கள்.

மெமரியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். புதிய மெமரிகளில் பிழை கண்டுபிடித்துத் திருத்தும் ஏற்பாடு உண்டு. ஜிடிடிஆர்7-இல் சிப்புக்குள்ளேயே அது இருக்கிறது. அதனால் அளவுக்கு மீறி ஏற்றினாலும் உடனே விழாது. தவறாகப் போன தரவைத் திருத்தவும் திரும்ப அனுப்பவும் நேரம் செலவாகும். கிளாக் எண் ஏறும், எஃப்பிஎஸ் இறங்கும். விழவில்லை என்பதை மட்டும் பார்த்து ஏற்றிக்கொண்டே போனால், காசு கொடுத்து வாங்கிய வேகத்தையே இழப்பீர்கள். ஒவ்வொரு படியிலும் மதிப்பெண்ணைப் பாருங்கள். ஏறுவது நின்ற இடம்தான் உண்மையான எல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். திரையில் வண்ணப் புள்ளிகள் மின்னினால் மெமரி எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது.

சோதனைக்கு ஃபர்மார்க் என்ற சுமை ஏற்றும் மென்பொருளை மட்டும் ஓட்டிவிட்டு ஸ்டேபிள் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது கார்டை மின்சார வரம்பில் முட்டவைக்கும், முட்டியதும் கார்டு கிளாக்கைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் சோதிக்க நினைத்த உயர்ந்த கிளாக்குக்கு அது போகவே போகாது. கூலரைச் சோதிக்க அது சரி. கிளாக்கைச் சோதிக்க 3டிமார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் 20 சுற்று ஓடட்டும், 97 சதவீதத்துக்கு மேல் வந்தால் பாஸ். பிறகு ரே டிரேசிங் உள்ள ஒரு கனமான கேம், சைபர்பங்க் 2077 போல. சாதாரண கேமில் மாதக்கணக்கில் நின்ற செட்டிங் ரே டிரேசிங்கில் பத்து நிமிடத்தில் விழுவது உண்டு. மெமரிக்கு ஓசிசிடி என்ற மென்பொருளின் வீரேம் (கார்டின் மெமரி) சோதனை பிழைகளை எண்ணிக் காட்டும். கடைசியாக ஒரு லேசான பழைய கேமையும் ஓட்டுங்கள். சுமை குறைவாக இருக்கும்போதுதான் கார்டு உச்சக் கிளாக்குக்குப் போகும், கனமான சோதனை எல்லாம் தாண்டியது மெனு திரையில் விழும். முடிந்தால் இவற்றை மதியம் இரண்டு மணி வெயிலில் செய்யுங்கள். மார்கழி இரவில் நின்ற எண் சித்திரையில் நிற்காமல் போகலாம்.

பிளெண்டர் ரெண்டர், அலுவலக வேலை என்று கணினியை நம்பிப் பிழைக்கிறீர்கள் என்றால் மெமரி ஓவர்கிளாக்கைத் தொடாதீர்கள். கேமில் ஒரு பிக்சல் தவறினால் யாருக்கும் தெரியாது. ஆறு மணி நேர ரெண்டர் நடுவில் விழுந்தால் ஒரு நாள் போச்சு. அண்டர்வோல்டைக்கூடக் கண்டுபிடித்த எல்லையிலிருந்து ஒரு படி தாராளமாக வையுங்கள்.

கணினி திறக்கும்போதே செட்டிங் தானாக ஏறும்படி ஆஃப்டர்பர்னரில் ஒரு வசதி உண்டு. குறைந்தது ஒரு வாரம் தடுமாறாமல் ஓடிய பிறகே அதை இயக்குங்கள். முன்னதாகவே இயக்கி, திறந்ததும் விழுகிற நிலை வந்தால், சேஃப் மோடில் போய் அந்த மென்பொருளை நீக்கினால் போதும், கார்டு பழைய நிலைக்கு வந்துவிடும். எந்த மாற்றமும் கார்டுக்குள் எழுதப்படவில்லை.

பின்னாளில் டிரைவர் அப்டேட் செய்ததும் கேம்கள் விழ ஆரம்பித்தால், டிரைவரைக் குறைசொல்லும் முன் எல்லாவற்றையும் ஸ்டாக்குக்கு (கம்பெனி வைத்த அமைப்புக்கு) கொண்டுவாருங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு பதிவு இருந்தால், டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டும் எழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாக்கில் அந்தப் பிரச்சினை நின்றுவிட்டால் உங்கள் எண்ணை ஒரு படி குறைக்க வேண்டும். ஸ்டாக்கிலும் தொடர்ந்தால் எஸ்எம்பிஎஸ் கேபிளைக் கழற்றி அழுத்தமாக மாட்டி, முடிந்தால் நண்பர் கணினியில் கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் பில்லை எடுத்துக்கொண்டு வாரண்டிக்குப் போக வேண்டியதுதான்.